ஒன்றிலேயே இருக்கட்டும்

2024 ஜூன் 3, திங்கள்
அப்பாவின் ஒட்சிசன் மெஷின் வீட்டுக்கு வந்து ஒரு வாரம். பழைய ப்ரிட்ஜ் மாதிரி உறுமுகிறது. தங்கச்சி றொசானா அதற்குப் போட்டியாகக் குறட்டை. நான் போர்வைக்குள் டோர்ச்சோடு. அம்மா கண்டால், "அப்பாவப் பத்தி என்னடி எழுதுற?" என்று அழத் தொடங்கிவிடுவார்.

டொக்டர் சொன்னது ஞாபகம் இருக்கிறது. "மெஷின் குமிழ் ஒண்ணுலயே இருக்கட்டும். விரல்ல மாட்டுற ஒட்சிசன் மீட்டர் தொண்ணூறு காட்டினா போதும். சிகரெட்டால பழுதான நுரையீரல். கூடக் குடுத்தா ஆபத்து."

ஜூன் 5, புதன்
பார்க்க வருகிறவர்கள் பிஸ்கட்டும் இரக்கமும் கொண்டு வருகிறார்கள். செபக்குழு ஐரின் அன்ட்டி குமிழைப் பார்த்து அப்பாவிடம், "ஐயோ சுவக்கின், ஒண்ணுலயா வச்சிருக்காங்க? என்ன கஞ்சத்தனம்!" என்று இரண்டாக்கினார். பிறகு வந்த ரொனி மாமா மூன்றாக்கினார். மீட்டர் தொண்ணூற்றெட்டு!

"உன் கணக்கு மார்க்க விடக் கூட!" என்றார் மாமா என்னிடம். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான்.

டொக்டர் சொன்னதை அம்மாவிடம் மெதுவாக ஞாபகப்படுத்தினேன். அம்மாவின் பதில்: "பெரியவங்க அன்பா செய்றாங்க. வாய மூடு."

அவர்கள் போனதும் குறைத்து வைத்தேன்.

ஜூன் 6, வியாழன்
அவர்கள் கூட்ட, நான் குறைக்க. அப்பா தலைவலி என்கிறார். ஏன் என்னால் வாய் திறக்க முடியவில்லை?

ஜூன் 8, சனி
டியூஷன் முடிந்து வந்தால் வீடு நிறைய ஆட்கள். அப்பா தூங்குகிறார். "நல்லாத் தூங்கட்டும், ஒக்சிஜன் வேலை செய்யுது," என்றார் ஐரின் அன்ட்டி. குமிழ் நாலில்.

எழுப்பினேன். கன்னத்தில் தட்டினேன். கண் திறக்கவில்லை — மீட்டர் மட்டும் அதே தொண்ணூற்றெட்டு. கத்தினேன். அம்புலன்ஸ் வந்தது.

ஆஸ்பத்திரியில் மணிக்கட்டு நாடியில் இரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஒட்சிசன் தாராளம். காபனீரொட்சைட்டுதான் எக்கச்சக்கம். ஒட்சிசன் கூடினதால், மூச்சோடு வெளியே போக வேண்டியது உள்ளேயே தங்கிவிட்டதாம். விரல் மீட்டருக்கு அது தெரியவே தெரியாதாம். இறுக்கமான முகமூடி போட்டிருக்கிறார்கள், ஒரு மெஷின் காற்றைத் தள்ளுகிறது. அதற்கும் சரிவராவிட்டால் தொண்டைக்குள் குழாய் விடணும் என்றார் வாட்டு நேர்ஸ் மிஸ்.

அம்மா அங்கே. நான் இங்கே. யேசுவே, விழிக்கணும். விழிக்கணும்.

ஜூன் 9, ஞாயிறு
விழித்துவிட்டார்! முகமூடியைக் கழற்றச் சொல்லி மிஸ்ஸோடு சண்டையாம். நல்ல சண்டை.

ஜூன் 16, ஞாயிறு
அப்பா வீட்டில். பூசை முடிந்து செபக்குழு வந்தது. நான் மெஷினுக்குப் பக்கத்தில் கதிரை போட்டு உட்கார்ந்தேன். செபத்தின் நடுவிலேயே ஐரின் அன்ட்டியின் கை குமிழை நோக்கி மெல்ல நீண்டது.

"கைய எடுங்க அன்ட்டி!"

செபம் நின்றுவிட்டது. அம்மா என்னை முறைத்தார்.

அப்பா மூக்குக் குழாயைச் சரிசெய்துகொண்டு சொன்னார்: "எடுத்துடு ஐரின். எனக்கே இப்ப அவகிட்டப் பயம்."