யார் இருமினால் கேட்கும்?

பிப்ரவரி 3

கோடு ஒரு பக்கம் போகிறது, புள்ளிகள் இன்னொரு பக்கம். கோடு நான் போட்ட கணக்கு. புள்ளிகள் இந்த ஊரில் உண்மையிலேயே காசநோய் வந்தவர்கள். ஒற்றை அறைகளில் ஆட்கள் தனித்தனியாகக் குடியிருக்கும் அச்சகத் தெருவில் நோய் குறைவாகத்தான் இருக்க வேண்டும் என்கிறது கோடு. புள்ளிகளோ அங்கேதான் மொய்க்கின்றன.

எக்ஸ்ரே வண்டி இருப்பது ஒன்றே ஒன்று. எந்தத் தெருவுக்குப் போக வேண்டும் என்று மாதக் கடைசிக்குள் நான் சொல்ல வேண்டும். தப்பாகச் சொன்னால் வண்டி ஒரு தெருவில் நிற்கும், நோய் இன்னொரு தெருவில் இருக்கும். "கோட்டுக்கும் புள்ளிக்கும் இன்னும் பேச்சுவார்த்தை இல்லையா?" என்று மேலதிகாரி அம்மா சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான் மறுபடி முதல் எண்ணிலிருந்து சரிபார்க்க ஆரம்பித்தேன்.

பிப்ரவரி 5

நான் தங்கியிருக்கும் அக்கா வீட்டில், அத்தானுக்கு என் வேலையை விளக்கினேன். நான்கு பெட்டிகள். ஊரில் எல்லாரும் ஏதாவது ஒரு பெட்டியில். முதல் பெட்டி, கிருமி இன்னும் தொடாதவர்கள். இரண்டாவது, கிருமி உள்ளே போய்ச் சும்மா தூங்கிக்கொண்டிருப்பவர்கள். அவர்களுக்கு நோயும் இல்லை, அவர்களால் யாருக்கும் பரவாது. மூன்றாவது, கிருமி விழித்துக்கொண்டதால் இருமுகிறவர்கள். நான்காவது, மருந்து சாப்பிட்டுக் குணமானவர்கள். எந்தப் பெட்டியிலிருந்து எந்தப் பெட்டிக்கு எவ்வளவு வேகமாக ஆட்கள் நகர்கிறார்கள் என்பதுதான் கணக்கு.

"பெட்டி அடுக்கறதுக்கா உனக்குச் சம்பளம்?" என்றார் அத்தான். மீட்டர் அண்ணன் சிரித்த சிரிப்பில் அவருக்கு இருமலே வந்துவிட்டது. வீடு வீடாக மின்சார மீட்டர் பார்க்கிறவர். எங்கள் மொட்டைமாடி அறையில் குடியிருக்கும் தனிக்கட்டை. சாயங்காலமானால் சீட்டுக்கட்டோடு இறங்கி வந்துவிடுவார். எங்கள் ஆட்டம் கழுதை. கடைசியில் யார் கையில் சீட்டு மிஞ்சுகிறதோ அவர் கழுதை. இன்றும் அத்தான்தான்.

பிப்ரவரி 6

ஒன்றும் நகரவில்லை. கோடும் சரி, நானும் சரி.

பிப்ரவரி 9

எங்கள் கணக்கெடுப்புக் கேள்விகளை அவரவர் வீட்டிலேயே கேட்டுப் பார்க்கச் சொன்னார்கள். அக்காவிடம் ஆரம்பித்தேன். வீட்டில் எத்தனை பேர்? மூணு என்றாள். அதே மூச்சில், "மீட்டர் அண்ணன் இருமுற இருமல்ல டிவில என்ன பேசுறாங்கன்னே கேக்க மாட்டேங்குதுடி, வால்யூம் ஏத்தி ஏத்தி ரிமோட் பட்டனே தேஞ்சு போச்சு" என்றாள்.

பேனா நின்றுவிட்டது. வீட்டில் மூன்று பேர். ஆனால் ஜன்னலைச் சாத்திக்கொண்டு தினமும் டிவி இருக்கும் அந்த அறையில் உட்கார்கிறவர்கள் நாலு பேர். அவர் வீட்டு ஆளா? இல்லை. அவர் இருமினால் எனக்குக் கேட்குமா? காது கிழியக் கேட்கும். என் கணக்கில் அவர் யார்? தனிக்கட்டை. வீட்டில் ஒருவர், கூட இருப்பவர் பூஜ்யம். அட மடச்சி — தனிக்கட்டை என்ன, சாயங்காலமெல்லாம் சுவரைப் பார்த்துக்கொண்டா உட்கார்ந்திருப்பார்? துணை தேடி நாலு இடம் போகமாட்டாரா? அச்சகத் தெரு முழுக்கத் தனிக்கட்டைகள்.

புதுக் கேள்வி: யார் யார் இருமினால் உங்களுக்குக் கேட்கும்?

இதை எழுதிய பிறகுதான் உறைக்கிறது. இவர் எவ்வளவு காலமாக இருமிக்கொண்டிருக்கிறார்?

பிப்ரவரி 10

சளிப் பரிசோதனைக்கு வாங்கண்ணே என்றேன். தூசு என்றார். மீட்டர் பெட்டிக்குள் ஒட்டடை என்றார். வெயில் என்றார். நீங்க போகலைன்னா இனிமே சீட்டும் கிடையாது, டீயும் கிடையாது என்று அக்கா போட்டாள் ஒரு போடு. நாளைக்கே போகிறாராம்.

பிப்ரவரி 13

மூன்றாவது பெட்டி. மீட்டர் அண்ணனின் சளிப் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

பிப்ரவரி 14

மருந்து ஆரம்பித்தாயிற்று. குணமாகிற நோய்தான், மாத்திரையை நடுவில் விடக்கூடாது, அவ்வளவுதான். எல்லாம் எனக்கு மனப்பாடம். ஆனா அந்த மனுஷன் கதவைச் சாத்திக்கிட்டு உக்காந்திருக்கறதப் பாத்தா எந்த மனப்பாடமும் உதவிக்கு வரமாட்டேங்குது.

பிப்ரவரி 20

கணக்கெடுப்பு ஆட்கள் அச்சகத் தெருவில் புதுக் கேள்வியைக் கேட்டுவிட்டு வந்தார்கள். "நான் தனி ஆளுங்க" என்று ஆரம்பித்த ஒருவர் எட்டுப் பேரைச் சொன்னாராம். ஒருவருடைய குறட்டைகூடக் கேட்குமாம், அதையும் சேர்க்கணுமா என்று கேட்டிருக்கிறார். புது எண்களைப் போட்டேன். கோடு மெல்ல எழுந்து புள்ளிகளின் தோளில் கை போட்டுக்கொண்டது. மேலதிகாரி அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, வண்டி அச்சகத் தெருவுக்கு என்று முடித்துவிட்டார். சந்தோஷம். உடனே ஓடிப்போய்ச் சொல்ல வேண்டிய ஆள் கதவைச் சாத்திக்கொண்டிருக்கிறார்.

பிப்ரவரி 26

எங்கள் மூவருக்கும் பரிசோதனை. அக்காவும் அத்தானும் முதல் பெட்டி. நான் இரண்டாவது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. கிருமி விழிக்காமல் இருக்கச் சில மாதம் மாத்திரை. ஊரையெல்லாம் பெட்டியில் போட்டவளுக்குப் பெட்டியில் இடம் கிடைத்துவிட்டது. "நீயே ஒரு தூங்குமூஞ்சி, உன் கிருமி வேற எப்படி இருக்கும்?" என்றார் அத்தான். விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு குளியலறையில் கொஞ்சம் அழுதேன்.

மார்ச் 9

மீட்டர் அண்ணனால் இனி யாருக்கும் பரவாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். வேலைக்குப் போகிறார். கீழே மட்டும் வரவில்லை. நானே மாடி ஏறினேன். என் மாத்திரை விஷயம் அவருக்குத் தெரிந்திருக்கிறது. அத்தான் வாயில் எதுதான் நிற்கும்?

"என்னாலதானேம்மா?" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

கோபம் வந்தது. அவர் மேல் இல்லை, அந்தக் கேள்வி மேல். "பஸ்ல வந்திருக்கலாம், ஆபீஸ்ல வந்திருக்கலாம், ஹாஸ்டல்ல படிச்சப்பவே வந்து இத்தனை வருஷம் தூங்கியிருக்கலாம். என் கணக்குல எத்தனை பேருன்னு எழுத இடம் இருக்குண்ணே. யாராலன்னு எழுத இடமே கிடையாது."

அவர் ஜன்னலை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டார்.

மார்ச் 15

அக்கா உத்தரவு: ஆட்டம் இனி மொட்டைமாடியில். காற்றோட்டம், கணக்குப்படியும் சரிதான். அவர் அறை வாசலிலேயே பாயை விரித்து மூன்று பேரும் உட்கார்ந்தோம். சீட்டு பறக்காமலிருக்க அக்கா துணி கிளிப் கொண்டுவந்தாள். அத்தான் வேண்டுமென்றே தப்புத் தப்பாக ஆடினார். அல்லது நிஜமாகவே அப்படித்தான் ஆடுவாரோ? கொஞ்ச நேரத்தில் கதவு திறந்தது. "யாராவது அந்தச் சீட்டைப் போய் இப்பப் போடுவாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்து உட்கார்ந்தார்.

ஆகஸ்ட் 30

மீட்டர் அண்ணன் நான்காவது பெட்டிக்குப் போய்விட்டார். என் மாத்திரைகள் எப்போதோ முடிந்துவிட்டன. அச்சகத் தெருவில் வண்டி கண்டுபிடித்தவர்களும் ஒவ்வொருவராக அவர் பின்னால் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

சாயங்காலம் எங்கள் தெருவில் கணக்கெடுப்பு. புதிதாகச் சேர்ந்த பெண் வந்தாள். என்னை அவளுக்குத் தெரியாது. பழைய கேள்வியும் தாளில் இருக்கிறது, அதைத்தான் முதலில் கேட்டாள். வீட்டில் எத்தனை பேர்?

"நாலு" என்றாள் அக்கா.

கணக்குப்படி தப்பு. திருத்த வாயைத் திறந்தேன், மூடிக்கொண்டேன்.

இன்று நான்தான் கழுதை.