போனில் நான் பேசாமல் இருந்த நாலு நிமிஷம்

என் வாலுக்குட்டிக்கு,

உன்னைப் பெறாவிட்டாலும் ஆறு வயதிலிருந்து உன் பள்ளிக்கூட ஃபாரங்களில் தகப்பன் இடத்தில் கையெழுத்துப் போட்டவனும், இருபத்தெட்டு வருஷமாக ஊரார் கவலையைக் கேட்டுக் கேட்டுக் காது இரண்டு அங்குலம் நீண்டுபோனவனும், மனநல ஆலோசகர்களின் மாமன்னனுமாகிய உன் சித்தப்பா எழுதிக்கொள்வது. நீ அங்கே உடம்பும் மனசும் சௌக்கியமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். என் சௌக்கியம் கீழே வருகிறது, அவசரப்படாதே. நீ போனை வைத்து மூன்று வாரமாகிறது, பதினெட்டு தடவை கூப்பிட்டும் எடுக்கவில்லை, அதனால்தான் பேனாவை எடுத்தேன், கடிதத்தைப் பாதியில் கட் பண்ண முடியாதல்லவா.

வீட்டில் குளியலறைக் குழாய் சொட்டுகிறது, பார்க்க வந்த பிளம்பர் இது குழாய் இல்ல சார், அருவி, டிக்கெட் போட்டு விடலாம் என்றார். அவரைப் பேச்சுக்குப் பிடித்து வைத்துக்கொண்டதில் அரை மணி நேர வேலை மூன்று மணி நேரம் ஆயிற்று. க்ளினிக்கில் கூட்டத்துக்குக் குறைவில்லை. முன்பெல்லாம் தூக்கம் வரவில்லை என்று வருவார்கள், இப்போது தூங்கி எழுந்தாலும் களைப்பாக இருக்கிறது என்று வருகிறார்கள், ஓய்வெடுக்கப் போனால் குற்றம் செய்கிற மாதிரி இருக்கிறதாம். போன வாரம் ஒரு வங்கி அதிகாரி வந்தார், போனில் ஆயிரத்து இருநூறு பேர் நம்பர் வைத்திருக்கிறார், காய்ச்சலாகப் படுத்திருந்தபோது ஒரு மாத்திரை வாங்கித் தரச் சொல்ல அதில் ஒரு நம்பர் தேறவில்லை என்றார். நான் பெரிய ஞானி மாதிரி தலையாட்டினேன். தலையாட்டும்போதே உன் ஞாபகம் வந்துவிட்டது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய், ஆபீஸ் முடிந்து ரூமுக்கு வந்து கதவைத் திறந்தால் ஃபிரிட்ஜ் சத்தம்தான் என்னை வான்னு கூப்பிடுது சித்தப்பா என்று சொல்லி அழுதாய். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் தொழிலில் எதிரே இருப்பவர் அழுதால் குறுக்கே பேசக்கூடாது, டிஷ்யூ டப்பாவைக்கூட அவர் பக்கம் தள்ளக்கூடாது, தள்ளினால் போதும் நிறுத்து என்று சொன்ன மாதிரி ஆகிவிடும். அப்படிச் சும்மா இருப்பதில் நான் உலக சாம்பியன், என் மௌனத்தைப் பார்த்து மலையெல்லாம் கூச்சப்படும். ஆனால் க்ளினிக் அறையில் என் முகம் எதிரே இருக்கும், போனில் முகத்துக்கு எங்கே போவாய். இந்த மகா மேதாவிக்கு அது உறைக்கவில்லை. நாலு நிமிஷம் கழித்து, அப்போ உனக்கு என்ன தோணுச்சு என்று வேறு கேட்டேன் பார், நான் ஒண்ணும் உங்க பேஷண்ட் இல்ல, இதுக்கு சுவத்துகிட்டயே பேசியிருப்பேன் என்று நீ வைத்தது நூற்றுக்கு நூறு நியாயம்.

தொழில் பழக்கம் என்பது பாதி உண்மைதான் கண்ணு. உன் சித்தி கண்ணை மூடிய இந்த இரண்டு வருஷமாக இந்த வீட்டிலும் அதே ஃபிரிட்ஜ் சத்தம்தான். க்ளினிக்கில் கடைசி ஆள் போன பிறகும் வீட்டுக்கு வர மனசில்லாமல் ஃபைல்களை அடுக்கி, கலைத்து, மறுபடி அடுக்குகிறேன். சமையல் மேடையில் நின்றபடியே சாப்பிடுகிறேன், மேஜையில் உட்கார்ந்தால் எதிர் நாற்காலி கண்ணில் படும். நீ கேட்கும்போதெல்லாம் எனக்கென்ன குறைச்சல் என்று அளந்துவிட்டேன். அன்றைக்கு வாயைத் திறந்தால் நானும் அழுதுவிடுவேன் என்று பயந்துதான் தொழிலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன்.

என்னிடம் பயிற்சி எடுத்தாளே, நீ சுண்டைக்காய் டாக்டர் என்று பேர் வைத்த பெண், இப்போது தனியாக க்ளினிக் வைத்திருக்கிறாள். போன செவ்வாய்க்கிழமை அவளிடம் நேரம் வாங்கிக்கொண்டு போய் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அரை மணி நேரம் ஜோக்காக அடித்துத் தள்ளினேன், கல்லே சிரித்திருக்கும், அவள் அசையவில்லை. கடைசியில், சார் வீட்ல யார்கூட சாப்பிடறீங்க என்று ஒன்றே ஒன்று கேட்டாள். அவ்வளவுதான், ஏழு கடலும் என் கண் வழியாக வந்தது, அந்த டிஷ்யூவுக்கு ஒரு காட்டையே வெட்டியிருப்பார்கள். நான் சொல்லிக்கொடுத்தபடியே அவள் வாய் திறக்காமல் இருந்தாள். அவள் முகத்தைப் பார்க்க முடிந்ததால் பொறுத்துக்கொண்டேன். அதுகூட இல்லாமல் நீ எப்படித் தாங்கினாய் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வாராவாரம் வரச் சொல்லியிருக்கிறாள், போகப்போகிறேன்.

நீயும் தூக்கம், பசி சரியில்லாமல் இரண்டு வாரம் தாண்டினால் அங்கேயே நல்ல ஆளாகப் பார்த்துப் போ, சித்தப்பா இருக்கிறார் என்று தள்ளிப்போடாதே, சொந்தக்காரன் வைத்தியம் பார்த்த லட்சணத்தைத்தான் பார்த்தாயே. மத்தியானம் கம்ப்யூட்டர் முன்னால் சாப்பிடாமல் யார் பக்கத்திலாவது போய் உட்கார், பேச ஒன்றும் கிடைக்காவிட்டால் என்னைத் திட்டு, விஷயம் ஏழு வருஷத்துக்குத் தாங்கும்.

நூறு வயசு வரைக்கும் நன்றாக இரு, உன்னைச் சுற்றி எப்போதும் நாலு பேர் சத்தம் போட்டுக்கொண்டிருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை அதே நேரத்துக்குக் கூப்பிடுவேன், மறக்காமல் எடு. அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டியதை மூன்று வாரம் தாமதமாகச் சொல்கிறேன். அழு கண்ணு, சித்தப்பா இங்கேதான் இருக்கேன், நானும் அழுதுட்டுத்தான் இருக்கேன்.

இப்படிக்கு,
உன் சித்தப்பா