அனீஸ் என்று கூப்பிடுகிறோம், அக்கா

என் எஸ்தர் அக்காவுக்கு,

பிள்ளை பிறந்துவிட்டான். ஆண் பிள்ளை. வயிற்றைப் பார்த்துப் பெண்தான் என்று அடித்துச் சொன்னாயே, தப்பு! அதைச் சொல்லிச் சிரிக்க உன்னைத் தேடினேன். ஆடி மழையில் வந்த காய்ச்சல் உன்னைக் கொண்டுபோனது ஒரு கணம் மறந்தே போயிற்று.

பாலக்காட்டுச் சமவெளியிலிருந்து கல்யாணமாகி தேவிகுளம் வந்த என்னை இந்த மூடுபனி மிரட்டியது. இடுக்கி புது ஜில்லா ஆனதிலிருந்து இவருக்கு நில அளவை வேலை. போனால் வாரக்கணக்கில் மலை. பட்டப்பகலிலேயே ஜன்னலுக்கு வெளியே ஒன்றும் தெரியாது. ஒருநாள் பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுவிட்டு, தோட்டத்து லைன் வீட்டுக்குத் திரும்பும் வழியில் நீ ஜன்னலைத் தட்டினாய். "யாரு?" என்று நான் நடுங்க, "ஆளுதாம்ட்டி, பயப்படாத" என்றாய்.

அதற்குப் பிறகு தினமும் வந்தாய். உள்ளே மட்டும் வரமாட்டாய். "கால்ல அட்டை கடிச்ச ரத்தம். ஒன் வீடு கறிக்கடை ஆயிரும்" என்று வாசற்படியிலேயே உட்கார்ந்துகொள்வாய். நான் வாசிக்கும் கதையைக் கேட்டு, அதில் வரும் புருஷனை வாய் நிறையத் திட்டுவாய். நாள் முழுக்கக் கூடை சுமந்தவளுக்கு, இன்னொருத்தியின் தனிமையை நினைக்க எங்கிருந்து தெம்பு வந்தது?

உன் பேரைப் பிள்ளைக்கு வைக்க வழியில்லை. எங்களுக்கு அரபுப் பேர்தான். அகராதியைப் புரட்டினேன். அனீஸ். உன்ஸ் என்ற சொல்லோடு ஒரே வேரில் பிறந்தது. ஆளற்ற இடத்தில் தவிப்பவருக்கு, பக்கத்தில் இன்னொரு மனிதர் இருப்பது தெரிந்ததும் நெஞ்சில் இறங்கும் நிம்மதிதான் உன்ஸ். அதைக் கொண்டுவருபவன் அனீஸ். படித்ததும் ஜன்னல் தட்டும் சத்தம் கேட்டது எனக்கு.

என் அம்மா இல்லாததால், பிரசவம் பார்க்க இவருடைய அம்மா, என் மாமிதான் மலையேறி வந்திருந்தார். இவர் மெல்ல அந்தப் பேரைச் சொல்லிப் பார்த்தார். மாமி ஒப்பவில்லை. தலைப்பிள்ளைக்கு இறந்துபோன மாமனார் பேர் வைப்பது வழக்கம். ஏழாம் நாள் முடி இறக்கி, மாமனார் பேரையே காதில் சொன்னார்கள். உன்னை மறுபடியும் அடக்கம் செய்தது போலிருந்தது.

அன்று மாலை பிள்ளை வீறிட்டு அழுதான். தொட்டிலருகே போன மாமி, "ஏ..." என்று தொடங்கி நின்றுவிட்டார். புருஷன் பேரை அவர் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை.

"பேரச் சொல்லிக் கூப்பிடுங்க மாமி" என்றேன், ஒன்றும் தெரியாதவள் போல.

"கொழுப்புடி உனக்கு! அவங்க பேரச் சொல்லி நான் பேரனை அதட்டவா?" என்றவர், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்: "நீங்க என்னமோ ஒரு பேரு சொன்னீங்களே, அதுக்கு என்ன அர்த்தம்?"

சொன்னேன்.

கொஞ்ச நேரம் தொட்டிலை ஆட்டினார். "வாசப்படியில வந்து உக்காருவாள்னு சொல்லுவியே, அவளத்தானே நெனச்சுக்கிட்டே?" பதிலுக்குக் காத்திராமல் குனிந்தார். "ஏ அனீஸு, அழாதடா. பக்கத்துல ஆளு இருக்குதில்ல."

காதில் சொன்ன பேர் மாமனாருக்கு. கூப்பிடும் பேர் உனக்கு.

அவனுக்குப் பேச்சு வரட்டும், அக்கா. எந்த வீட்டுக் கதவைத் தட்டினாலும், உள்ளிருந்து "யாரு?" என்று குரல் வந்தால் என்ன சொல்ல வேண்டும் என்பதைத்தான் முதலில் சொல்லிக் கொடுப்பேன். நீ சொன்னபடியே.

ஜன்னலுக்கு உள்ளே இருந்த
உன் தங்கச்சி