ஆசிரியர் பெயரில் விடுபட்ட ஞானமலர்

அனுப்புநர்:
ஞானமலர் அல்பேர்ட்,
ரொம்சோஸ், ஒஸ்லோ.

பெறுநர்:
திரு. சிறீஸ்கந்தராசா அவர்கள்,
தமிழ் நூற்பிரிவுப் பொறுப்பாளர்,
பியேர்க்கலுண்ட் கிளை நூலகம், ஒஸ்லோ.

பொருள்: ஜேர்மன் சட்ட அறிஞர் கெல்லர்மன் பற்றிய எனது நூலின் ஆசிரியர் பெயரைத் திருத்துதல்.

மதிப்புக்குரிய ஐயா,

"மனிசன் எழுதின புத்தகத்தை மனிசி தன்ரையெண்டு சொல்லுறா" என்று உங்கள் நூலகத்தின் வாசிப்பு மாலை நிகழ்வுக்கு வந்தவர்கள் கதைப்பதாக அறிகிறேன். அது பிழை. 'மத்தியாஸ் கெல்லர்மன்: வாழ்வும் சட்டப் பணியும்' என்னும் நூலை எழுதியவள் நான்.

1. கெல்லர்மன் பதினேழாம் நூற்றாண்டில், முப்பதாண்டுப் போர்க்காலத்தில் வாழ்ந்தவர். பாண் சுடுபவர் ஒருவரின் மகன். விதவை ஒருத்தி ஆண் காப்பாளர் இல்லாமலே வழக்குமன்றத்தில் பேசலாம் என்று இலத்தீனில் வாதிட்டு எழுதினார். அக்கால வழக்கப்படி, அந்த ஆய்வைப் பல்கலைக்கழகத்தில் முன்வைத்த விவாதத்துக்குத் தலைமை வகித்த பேராசிரியரின் பெயரே முகப்பில் பெரிதாக அச்சானது. ஆதலால் அந்த ஆய்வு பேராசிரியருடையது என்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கெல்லர்மனின் கடிதங்களோடு வரிக்கு வரி ஒப்பிட்டு, அது அவருடையதே என்று என் நூலில் நிறுவியுள்ளேன்.

2. மட்டக்களப்பில் கன்னியர் மடப் பாடசாலையில் ஆறு ஆண்டுகள் இலத்தீன் கற்றேன். என் கணவர் அமரர் அல்பேர்ட் காணிப் பதிவகத்தில் லிகிதராக, அதாவது எழுத்தராக இருந்தவர், இலத்தீன் அறியார். பனிக்காலத்தில் நான் வழுக்கி விழாதிருக்க, பல்கலைக்கழக நூலகத்துக்கு என்னோடு சுரங்க ரயிலில் வந்து, நான் எழுதி முடிக்கும்வரை பக்கத்து நாற்காலியில் இருப்பார். நூல் அச்சாகும் முன்னர், 2004இல் காலமானார். நூலை அவருக்கே படைத்திருக்கிறேன். அவர் பெயருக்குரிய இடம் அந்தக் காணிக்கைப் பக்கமே.

3. இந்நாட்டுப் பதிவில் கணவரின் பெயர் என் குடும்பப் பெயராயிற்று. ஆகவே நோர்வேஜியப் பட்டியலில் 'அல்பேர்ட், ஞானமலர்' என்றிருப்பதில் குறை காணேன். தமிழ்ப் பட்டியலுக்கு மாற்றியவர் முதற்சொல்லை மட்டும் ஆசிரியர் பெயராக எடுத்துக்கொண்டார். கடந்த மாசி மாத வாசிப்பு மாலையின் அழைப்பிதழில் 'அமரர் அல்பேர்ட் எழுதிய நூல்' என்று வந்தது. அவரின் மனைவியாக நன்றியுரை சொல்ல என்னை மேடைக்கு அழைத்தார்கள். மேடையில் நின்றே திருத்தினேன். கதை அன்று தொடங்கியது.

4. தங்கள் உதவியாளர் செல்வி தக்சிலாவிடம் முறையிட்டபோது, "அன்ரி, அங்கிளின்ரை பேர்தானே, ஒரு வீட்டுக்குள்ளைதானே, விடுங்கோவன்" என்றார். அன்பாகவே சொன்னார். ஆனால் அல்பேர்ட் பிறர் உழைப்பைத் தம்முடையதென்று ஒருநாளும் சொன்னவரல்லர். இறந்தபின் அவரை அப்படிச் சொல்லவைக்க நான் சம்மதியேன்.

ஆகவே, பட்டியலிலும் நூலின் முதுகில் ஒட்டிய துண்டிலும் ஆசிரியர் பெயரை 'ஞானமலர் அல்பேர்ட்' என்று மாற்றி, வாசிப்பு மாலைக்கு வந்தோருக்கும் அதை அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். தொலைபேசி வேண்டாம். எழுத்தில் பதில் தரவும்.

இடம்: ஒஸ்லோ
திகதி: 12.03.2007

(கையொப்பம்)
ஞானமலர் அல்பேர்ட்