மனுதாரரின் கழுத்து

தம்பிக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும்.

தீர்ப்பு வந்து ஐந்து மாதமாகிறது. இன்ஷூரன்ஸ் கம்பெனி உனக்கும் ஒரு நகல் அனுப்பியிருக்கும். கழுத்துக்கு நான் கேட்ட இழப்பீட்டில் மூன்றில் ஒரு பங்குதான் கொடுத்திருக்கிறார்கள். பதினோரு பக்கத்தில் பதினான்கு எழுத்துப்பிழைகள். சிவப்பு மையில் திருத்தி வைத்திருக்கிறேன். இப்போது நான் பார்க்கும் பிழைதிருத்தும் வேலை அது ஒன்றுதான். குனிய முடியாதவருக்கு இங்கே என்ன வேலை சார் என்று அச்சக முதலாளி மரியாதையாகவே கேட்டுவிட்டார். இந்தக் கடிதத்தைக்கூட அலமாரிக் கதவில் காகிதத்தை ஒட்டி நின்றபடி எழுதுகிறேன்.

அம்மாவுக்கு இப்போது பரவாயில்லை. சின்னவன் ஏன் வருவதில்லை என்று தினமும் கேட்கிறாள். வேலை அதிகம் என்கிறேன். "ஆமா, அவன்தான் ரயில் ஓட்டுறான் பாரு" என்கிறாள்.

அவளை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவரத்தான் அன்று இரண்டு காரில் கிளம்பினோம். சிக்னலில் நான் நின்றேன். பின்னால் வந்த நீ நிற்கவில்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்ததாக நீயே சொன்னாய். உன் பெயரைச் சேர்க்காமல் மனுப் போட முடியாது, பணம் தரப்போவது கம்பெனிதான் என்று மூன்று முறை விளக்கினேன். நீயோ, கூடப் பிறந்தவனையே கோர்ட்டுக்கு இழுத்தவன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னாய். அதை நான் மறக்கவில்லை. மறக்கிற உத்தேசமும் இல்லை.

இரண்டு வருடம் பேச்சில்லை. பிறகு அக்கா மகள் கல்யாணம். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பாக்குறாங்கடா, அந்தக் கழுத்துப் பட்டையைக் கொஞ்ச நேரம் கழட்டி வையேன்" என்றாள் அக்கா. கழற்றினேன். அப்போதுதான் பின்னாலிருந்து நீ "அண்ணா" என்றாய்.

திரும்புவதென்றால் உடம்போடு சேர்ந்து, பீரோவை நகர்த்துவதுபோலத் திரும்ப வேண்டும் என்பது டாக்டர் உத்தரவு. மறந்துபோய் வெடுக்கென்று திரும்பினேன். நீ கையைப் பாதி தூக்கியபடி நின்றாய். ஏதோ சொல்ல வாயெடுத்தாய். அதற்குள் யாரோ கூப்பிட, போய்விட்டாய். நான் நான்கு நாள் படுக்கையில் கிடந்தேன்.

அந்த நொடியில் எடுத்த கல்யாணப் படத்தைத்தான் கம்பெனி வக்கீல் பெரிதாக்கிக் கோர்ட்டில் தூக்கிக் காட்டினார். "கழுத்து நல்லாத்தானே சார் திரும்புது? சிரிப்பு வேற!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். படத்தின் ஓரத்தில் உன் கை தெரிந்தது. அது யாருடையது என்று அவர்களுக்குத் தெரியாது. எதற்காகத் திரும்பினீர்கள் என்று கேட்டார். சொல்லியிருந்தால் உன்னைக் கூண்டில் ஏற்றிக் குடைந்திருப்பார்கள். ஞாபகமில்லை என்றேன். 'மனுதாரர் தக்க விளக்கம் அளிக்கவில்லை' என்று ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது. அந்த வரியில் மட்டும் பிழையில்லை.

கல்யாண ஆல்பம் அக்காவிடமும் உன்னிடமும்தான் இருந்தது. தான் கொடுக்கவில்லை என்று அக்கா சத்தியம் செய்கிறாள். உன் அண்ணி மட்டும், "தம்பி கூப்பிட்டா திரும்பாம என்ன செய்வீங்களாம்? அத விடுங்க" என்கிறாள். விட முடியவில்லை. இரண்டு தடவையும் நீ பின்னாலிருந்துதான் வந்தாய். முதல் தடவை வேண்டுமென்று வரவில்லை என்பது எனக்குத் தெரியும். இரண்டாவதுதான் தெரியவில்லை.

படத்தை யார் கொடுத்தது என்று இனிக் கேட்கமாட்டேன். அன்று என்ன சொல்ல வந்தாய்? அதை மட்டும் சொல். படத்துக்காகத்தான் கூப்பிட்டாய் என்றால் பதில் போடாதே. இல்லையென்றால் வா. அம்மா மத்தியானத்தில் தூங்குவாள். கதவு திறந்திருக்கும். நான் ஜன்னல் பக்கம் பார்த்து நின்றிருப்பேன். அதேபோல ஒரு முறை கூப்பிடு. டாக்டர் என்ன சொன்னாலும் சரி.

கார் ஓட்டும்போது போனை எடுக்காதே. நன்றாக இரு.

கீழே 'உன் அண்ணன்' என்று எழுதிப் பார்த்தேன். அடித்துவிட்டு வேறு தாளில் எழுதி முடித்தேன். அந்த வார்த்தையை நீதான் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடாமலேயே தபாலில் சேர்க்கிறேன்.