பெக்டரி வளைவு தாண்டினால்தான் சிக்னல்

ஜூன் 3, செவ்வாய்

விடிந்ததிலிருந்து தூறல். ஹட்டன் பஜார் முழுக்கக் குடை. கடையில் தார்பாய் நாலு, கம்பூட்ஸ் இரண்டு சோடி விற்றது. ஆணி வாங்க வந்தவன் அரைமணி நேரம் மழைக்கு ஒதுங்கிவிட்டு ஆணி வாங்காமல் போனான்.

மகள் கௌசி இன்றிலிருந்து பஸ்ஸில் போகவில்லை. ஆறு மாதக் கர்ப்பம். நின்றுகொண்டு பயணம் கூடாது என்று டாக்டரம்மா கண்டிப்பு. மாப்பிள்ளை கட்டாரில் இருந்துகொண்டே அவள் போனில் ஆப் போடச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். "இனிமே ஆட்டோ வாசலுக்கே வரும் மாமா." வாசலுக்கு வருவது யார் என்று கட்டாரில் தெரியுமா?

வந்தவனைப் பார்த்தேன். ஆப்பில் உள்ள படத்தில் தடித்த மீசை, முன் சொட்டை. வந்தவனுக்கு இரண்டும் இல்லை. வண்டி நம்பர் மட்டும் சரி. வாயைத் திறப்பதற்குள் கௌ. ஏறிவிட்டாள். அவள் படிப்பிக்கிற பள்ளிக்கூடம் தோட்டத்து மேல் டிவிசனில். முக்கால் மணி நேரம், வளைவுக்கு மேல் வளைவு.

அவள் போவதை என் போனிலும் பார்க்கலாமாம். குட்டி ஆட்டோ படம் ஒன்று நகர்கிறது. பெக்டரி வளைவில் நின்றது. ஏழு நிமிடம் அசையவில்லை. போனைத் தட்டித் தட்டிப் பார்த்தேன். பிறகு ஒரே தாவலில் பள்ளிக்கூட வாசலில். அந்த வளைவு தாண்டினால்தான் சிக்னல் என்கிறாள் கௌ. இருக்கலாம்.

ஜூன் 4, புதன்

மழை விட்டது. குளிர்.

ஆட்டோக்காரனைக் கடைக்கு வரச் சொன்னேன். நம் பக்கம் இந்த ஆப்பில் ஓடுவதே மூன்று ஆட்டோ, சுற்றிச் சுற்றி இவன்தான் வருவான். பெயர் மோகன். முப்பது தாண்டியவன், கல்யாணமாகி ஒரு பிள்ளை. இவன் அப்பா தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை நம் கடையில்தான் வாங்குவார். நல்ல மனிதர். அதை வைத்து மகனை எடை போட முடியாது.

படத்தில் இருப்பது யார் என்றேன். அண்ணனாம். கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டாராம், அவர் பெயரில் இருந்த ஆப்பில் இவன் ஓடுகிறான். லைசன்ஸ் காட்டினான். உண்மையானது போல இருந்தது. போல.

கடைசியாக ஒரு கட்டளை. "நான் போன் பண்ணுனா ஒடனே எடுக்கணும் தம்பி. எங்க இருந்தாலும் சரி, எடுத்து ஒரு வார்த்த சொல்லணும்."

"சரிங்க முதலாளி" என்றான்.

மறக்காமல்: மண்வெட்டிப் பிடி இரண்டு டசின். பெயின்ட் கம்பனிக்கு போன்.

ஜூன் 6, வெள்ளி

கடைப் பையனிடம் கல்லாவைக் கொடுத்துவிட்டு நானே ஆப்பில் கூப்பிட்டு ஏறினேன். மோகன்தான் வந்தான். என்னைக் கண்டதும் முகம் மாறியது. டிக்கோயா வரை போய்த் திரும்பினோம். கண்டவை:

- இறக்கத்தில் என்ஜின் சத்தம் குறைகிறது. நியூட்ரலில் விட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறான். கேட்டால், கியரில்தான் இருக்குங்க என்கிறான். என் காது நன்றாகத்தான் இருக்கிறது.

- வலது பின் டயர் மொட்டை. மாற்றச் சொன்னேன்.

- கைப்பிடிக்குப் பக்கத்தில் போன் இரண்டு, இரண்டு ஆப். எது மணியடித்தாலும் கண் அங்கே போகிறது.

- கொட்டாவி மூன்று. விடியக்காலை ரயிலில் வந்த வெள்ளைக்காரர்களை நுவரெலியாவில் விட்டுவிட்டு வந்தானாம். அப்படியென்றால் எப்போது தூங்கினான்?

- வளைவில் ஹோர்ன் அடிக்கிறான். இது ஒன்று சரி.

முன்னால் போன இன்னொரு ஆட்டோ, ஆள் ஏற்றுவதற்காக வளைவிலேயே நின்றுவிட்டது. மோகன் பிரேக் பிடித்ததில் என் நெற்றி கம்பியில் இடித்தது. அவன் பிரேக் நல்லது என்று எழுத வேண்டும். எழுதிவிட்டேன்.

இரவு சாப்பாட்டுக்கு முன் அட்டையில் எழுதி கௌ. கையில் கொடுத்தேன். நம்பர் பார்த்து ஏறு. ஏறுமுன் அவன் பெயரை அவனையே சொல்ல வை. நடுவில் உட்கார்ந்து கம்பியைப் பிடி. ரோட்டுப் பக்கம் இறங்காதே. மூடுபனி இறங்கினால் நிறுத்தி வைக்கச் சொல். தூங்காதே, அவனையும் தூங்க விடாதே. வாசித்துவிட்டுச் சிரிக்கிறாள். "இத கோயில்ல குடுத்து தாயத்தா கட்டிருங்கப்பா." அவள் அம்மா சரோஜாவும் சேர்ந்து சிரிப்பு. சிரிக்கட்டும், பெற்றவனுக்குத்தான் தெரியும்.

ஜூன் 9, திங்கள்

மதியத்துக்கு மேல் பனி. எதிர்க்கடை தெரியவில்லை.

போன் செய்தது இன்று ஐந்து தடவை. 6.50, 7.05, 7.20. பிற்பகல் 2.00, 2.15. ஐந்துக்கும் எடுத்தான். "பெக்டரிகிட்டங்க." "ஸ்கூல் வந்தாச்சுங்க." பின்னால் லாரிச் சத்தம். பொய் சொல்லவில்லை என்று தெரிகிறது.

கௌ. வந்ததும் வராததுமாகச் சண்டை. அந்த ஆட்டோ அண்ணனுக்குச் சும்மா சும்மா போன் பண்ண வேண்டாமாம். வேண்டுமானால் தனக்குப் பண்ணலாமாம். யார் சொல்லிக்கொடுத்துப் பேசுகிறாள்? அவன்தான். தொந்தரவாக இருக்கிறது போல. தொந்தரவாக இருந்தால் ஏதோ மறைக்க இருக்கிறது. உனக்குப் பண்ணினால் நீ 'ஒன்றுமில்லைப்பா' என்பாய், அவன் குரலைக் கேட்டால்தான் தூக்கமா விழிப்பா என்று தெரியும் என்றேன். எழுந்து போய்விட்டாள்.

ஜூன் 11, புதன்

சுருக்கமாக.

பிற்பகல் கனத்த பனி. குட்டிப்படம் பெக்டரி வளைவில் நின்றது. 2.10க்கு போன் செய்தேன். எடுக்கவில்லை. மனசு ஏதோ சொன்னது. கடையை அப்படியே போட்டுவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போனேன். வளைவுக்குக் கொஞ்சம் அப்பால் ஆட்டோ ரோட்டோரத் தண்ணீர்க் கானில் சரிந்து கிடந்தது. பெக்டரி ஆட்கள் கௌசியை வெளியே எடுத்து சாக்கு விரித்து உட்கார வைத்திருந்தார்கள். இடது கை தொங்கியது. வலது கை வயிற்றில்.

ஆஸ்பத்திரி. மணிக்கட்டு முறிவு. பிள்ளையின் நெஞ்சுத் துடிப்பு கேட்கிறது என்றார்கள். இரண்டு நாள் வைத்துப் பார்த்துத்தான் நிச்சயமாகச் சொல்வார்களாம்.

சரோஜா வார்டில் எல்லோரிடமும் சொல்கிறாள், யாரும் சொல்லாமலே இவருக்குத் தெரிஞ்சிருச்சு, அப்பன் மனசு என்று.

ஜூன் 12, வியாழன்

வார்டில் தூக்கமில்லை. பிள்ளை அசைகிறதாம். கௌ. என் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

மோகன் ஆண்கள் வார்டில். கால் உடைந்திருக்கிறது. கட்டில் காலடியில் நின்று கேட்டேன், நியூட்ரலில் விட்டாயா, தூங்கினாயா. "பனிங்க முதலாளி. ஒன்னும் தெரியல." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். திருட்டு முழி.

பொலிஸில் முறைப்பாடு கொடுத்தேன். நியூட்ரல், மொட்டை டயர், தூக்கம், அடுத்தவன் பெயரில் ஓட்டியது. எல்லாம் தேதி போட்டு வைத்திருந்ததால் சார்ஜன்டுக்கு ஆச்சரியம்.

ஜூன் 14, சனி

கௌ. வீட்டுக்கு வந்துவிட்டாள். பிள்ளைக்கு ஒன்றுமில்லை. தெய்வமே.

சார்ஜன்ட் போன். வண்டியைப் பார்த்தார்களாம். இரண்டாம் கியரில் இருந்திருக்கிறது. விபத்துக்கு நான்கு நாள் முன்புதான் பின் டயர் புதிதாகப் போட்டிருக்கிறான். நான் சொன்ன பிறகு. முந்தின இரவு வாடகை எதுவும் ஓடவில்லை, வீட்டில்தான் தூங்கியிருக்கிறான். அப்படியென்றால் வேறு என்ன காரணம் என்று அவரே கேட்கிறார்.

மாலை கௌ. தானாகச் சொன்னாள். "மெதுவாத்தான்பா வந்தாரு. ஹோர்ன் அடிச்சு அடிச்சு வந்தாரு. போன் வந்துச்சு, எடுத்தாரு. அப்பத்தான்." யார் என்று தெரியாதாம். இறக்கியிருந்த மழைப் படங்குத் துணி படபடத்ததில் பின்னால் பேச்சு ஒன்றும் கேட்கவில்லையாம்.

இதைச் சார்ஜன்டிடம் சொல்லவேண்டும் என்கிறாள் சரோஜா. திங்கள் பார்க்கலாம் என்றேன். தலைவலி.

ஜூன் 15, ஞாயிறு

கடை பூட்டு. கணக்குப் பார்க்கலாமென்று உள்ளே இருந்தேன். பின்கதவைத் தட்டினது மோகனின் மனைவி செல்வி. இடுப்பில் பிள்ளை. முறைப்பாட்டை வாபஸ் வாங்கச் சொல்லி அழ வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அதற்கு வரவில்லை.

கௌசி டீச்சர் ஏதாவது சொன்னார்களா என்று கேட்டாள். என்ன சொல்ல என்றேன். ஆப்பிலிருந்து அவனை எடுத்துவிட்டார்களாம், அதைப் பற்றிக்கூட அவள் பேசவில்லை.

"போன் எடுத்தேன்னு எங்கிட்ட மட்டும் சொன்னாருங்க முதலாளி. யாருன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டேங்கிறாரு. அந்த நம்பர அழிச்சும் வச்சிருக்காரு. என்னா பொம்பளைங்க அது, வண்டி ஓட்றப்பகூட எடுக்காம இருக்க முடியாதவ?"

நான் தண்ணீர் கொடுத்தேன். வேறு ஒன்றும் கொடுக்கவில்லை.

தன் அண்ணன் வீட்டுக்குப் போகப்போகிறாளாம், பிள்ளையோடு. கால் உடைந்து கிடப்பவனைத் தனியே விட்டுவிட்டு.

ஜூன் 16, திங்கள்

மழை. கடை திறக்கவில்லை. காய்ச்சல் என்று சொல்லியிருக்கிறேன்.

11ஆம் தேதி எழுதியது பொய். யாரும் படிக்காத டைரியில் பொய் எழுதியிருக்கிறேன். எவனுக்குப் பயந்து?

மோகன் போனை எடுத்தான். வளைவு தாண்டி சிக்னல் வருகிற இடத்தில், நான் ஆறாவதோ ஏழாவதோ தடவை அழுத்தியபோது மணி போனது. எடுத்தான். "முதலாளி, வளைவுல" என்றான். ஏன் இவ்வளவு நேரம் என்று நான் கத்தினேன். என் வாக்கியம் முடியவில்லை. தகரம் நசுங்கும் சத்தம். பிறகு கௌசியின் குரல். சொல் இல்லை, குரல்தான். கேட்டுக்கொண்டு நின்றேன். நான்தான் கட் பண்ணினேன். வேன் சாவியை எடுக்கும் முன்பே என் போனிலிருந்து அந்த அழைப்பை அழித்துவிட்டேன். மகள் உயிரோடு இருக்கிறாளா என்று தெரியுமுன். அதைச் செய்ய எனக்குக் கை வந்தது.

அப்பன் மனசாம்.

வார்டில் அந்த மனிதன் முகத்தைத் திருப்பிக்கொண்டது திருட்டு முழி இல்லை. என்னைக் காட்டிக்கொடுக்காமல் இருக்கத்தான். நான் முதலாளி, அவன் அப்பா என் கடையில் கத்தி வாங்கினவர், அவ்வளவுதான். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வெட்கத்தைவிடப் பயம் அதிகம். கௌசி என்னை எப்படிப் பார்ப்பாள்?

ராத்திரிச் சாப்பாட்டில் அவளிடம் எல்லாம் சொன்னேன், செல்வி வந்து போனதையும். சரோஜா அடுப்பை அணைத்தாள். கௌ. தட்டைத் தள்ளி வைத்தாள். "செல்விக்குத் தெரியுமாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

ஜூன் 17, செவ்வாய்

வெயில். ரோடு காய்ந்திருக்கிறது.

6.30க்கு மோகன் குடியிருக்கும் தோட்டத்து லயத்துக்குப் போனேன். செல்வி பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். மோகன் உள்ளே பாயில், காலில் மாவுக்கட்டு. அவன் முன்னாலேயே அவளிடம் சொன்னேன், அந்த போன் நான்தான் பண்ணினேன் என்று. அவள் நம்பவில்லை. அவனைப் பார்த்தாள். அவன் ஆமாம் என்று தலையை ஆட்டினான். பையை எடுத்து உள்ளே வைத்தாள். என்னை உட்கார் என்று சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

"எதுக்குங்க முதலாளி" என்றான் மோகன். நான் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினேன்.

9.15 பொலிஸ். சார்ஜன்ட் புத்தகத்தைத் திறந்தார். சிங்களத்தில்தான் கேள்வி. பெயர், தொழில், முகவரி. முறைப்பாட்டை மாற்ற வந்தேன் என்றேன். சாரதி போனில் பேசிக்கொண்டே ஓட்டினார் என்று எழுதச் சொன்னேன். எழுதினார். மறுமுனையில் யார் என்று கேட்டார்.

நான் என்றேன்.

பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். சிங்களத்தில் தவறிச் சொல்கிறேன் என்று நினைத்திருப்பார். மெதுவாக, குழந்தையிடம் கேட்பது மாதிரி, திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன்.