மனுவைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்

குன்னம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் கவியாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம். நீ சுகமா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. போனில் பேசத் தைரியமில்லாமல்தான் எழுதுகிறேன்.

மக்காச்சோளம் அறுத்தாகிவிட்டது. மழை ஏமாற்றியதில் கதிர் சிறுத்துப்போனது. அம்மா மூன்று நாளாக என்னிடம் பேசுவதில்லை. சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய்விடுகிறாள்.

காலையில் உன்னைத் தூக்கிவிட வரும் ஜெயசித்ரா பதினோரு நாளாக வராததற்கு நான்தான் காரணம். நீ பெரம்பலூரில் தனியாக அறை எடுத்ததும், "நடக்க முடியாத புள்ளைய வூட்ட விட்டுத் தள்ளிட்டான்" என்று ஊரில் பேசினார்கள். அது பொறுக்காமல், ஜெயசித்ராவை அனுப்பும் உதவி மையத்துக்காரர்கள் என் மகளை மனசு மாற்றிக் கூட்டிப் போய்விட்டார்கள் என்று கலெக்டர் ஆபீசில் மனு கொடுத்தேன். விசாரணை முடியும்வரை ஆள் அனுப்பக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். ஆள் வராவிட்டால் நீயே வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று நினைத்தேன்.

நீ வரவில்லை.

வியாழக்கிழமை விசாரணைக்குப் போனேன். மையத்தை நடத்தும் கலைமணி அம்மா கோபமே இல்லாமல், "அய்யா, உங்க பொண்ணு கட்டில்லேருந்து வீல்சேருக்கு எப்படி மாறுதுன்னு தெரியுங்களா?" என்று கேட்டார். தெரியவில்லை. இருபத்தாறு வருஷமும் உன் அம்மாதான் தூக்கினாள். அந்த நேரத்துக்கு நான் டீக்கடையில் இருப்பேன். பிறகு அவர்தான் சொன்னார், நீ தனியாக மாறப் பார்த்து விழுந்து, பக்கத்து வீட்டார் வரும்வரை இரண்டு மணி நேரம் சிமெண்டுத் தரையில் கிடந்தாய் என்று. "அப்பா வூட்டுக்குப் போறியாம்மா?" என்று அவர்கள் கேட்டதற்கு, "இதுதாங்க என் வூடு" என்றாயாம்.

அங்கே யார் முகத்தையும் என்னால் பார்க்க முடியவில்லை. மனுவைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகக் கையெழுத்துப் போட்டேன். வெளியே ஜெயசித்ரா நின்றிருந்தாள். உன் வயசுதான் இருக்கும். கும்பிட்டேன். "எங்கிட்ட எதுக்குங்க? கவியாக்காகிட்ட சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். நாளையிலிருந்து அவள் வருவாள்.

உன்னை எப்படித் தூக்குவது என்று காட்டச் சொல்லி நேற்று அம்மாவிடம் கேட்டேன். கட்டிலில் உட்கார்ந்து, என் கைகளை எடுத்துத் தன் அக்குளுக்குக் கீழே வைத்துக்கொண்டாள். இரண்டு தரம் முயன்றேன். சரியாக வரவில்லை. முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள். இத்தனை வருஷம் அவளுக்கு முதுகு வலித்ததும் எனக்குத் தெரியாது.

இனி ஊருக்கு வந்துவிடு என்று உன்னிடம் கேட்க மாட்டேன். நான் அங்கே வரலாமா என்றும் இப்போது கேட்கவில்லை. விழுந்ததில் எங்கே அடி, இன்னும் வலிக்கிறதா? வேறெதுவும் எழுத மனசு வராவிட்டாலும் அதை மட்டும் ஒரு வரி எழுதிப் போடம்மா.

உன்னைப் பெற்றவன்,
வைத்திலிங்கம்